இடது கண், வலது கண்

முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடம் ஆகியும் சின்னவளுக்கு நிலையான வேலை என்று ஒன்று அமையவில்லை. படத்தைப் பார்த்து நோயைச் சொல்லக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பவள். ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்டு, அடுத்தது கிடைத்தால் மறுபடி பெட்டியைக் கட்டு. கடைசி ஒப்பந்தமும் முடிந்து, இப்போது அக்கா வீட்டு வாசம். அந்த வீட்டில் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் சமையலறை. நேர்காணலும் அங்கேதான்.

லேப்டாப் திரையில் ஆய்வுக்கூடத் தலைவர். கேமராவில் படாமல் எதிரே அக்கா. சிரி என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள், நிமிர்ந்து உட்கார் என்று முதுகைத் தட்டிக் காட்டினாள். வேலை தேடுவது தங்கையா அக்காவா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வந்துவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது.

“நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றார் தலைவர்.

நல்ல பிள்ளையாக ‘இல்லை சார்’ என்று சொல்லி எழுந்திருக்கலாம். அந்தச் சமர்த்து இவளுக்கு ஏது?

“கண் படத்தைப் பாத்து நோய் சொல்ற உங்க புரோகிராம், நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியாச் சொல்லுதுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா ஒருத்தரோட இடது கண்ணைப் பயிற்சியில காட்டிட்டு, அவரோட வலது கண்ணையே பரீட்சைக்கும் கொடுத்திருக்கீங்களே சார்?”

ஒருவருடைய இரண்டு கண்களும் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். விடையைக் காட்டிவிட்டுத் தேர்வு வைத்த கதைதான். அக்கா அவசரமாக உதட்டில் விரலை வைத்தாள்.

தலைவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

“எல்லாரும் படங்களை அப்படித்தாம்மா பிரிக்கிறாங்க. மூணு வருஷ வேலை, உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டோம். இந்தப் பேச்சை மட்டும் இங்கயே விட்டுடுங்க.”

மூன்று வருடம்! சொந்தமாக ஒரு அறை, மாதம் பிறந்தால் சம்பளம். ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனால் அந்தக் கடைசி வார்த்தையில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வரேன் சார். வந்த முதல் நாளே ஒருத்தரோட ரெண்டு கண்ணையும் பயிற்சியிலயோ பரீட்சையிலயோ ஒரே பக்கம் வெச்சு, புரோகிராமை மறுபடி ஓட்டுவேன். சம்மதம்னா ஆர்டர் அனுப்புங்க.”

திரை இருண்டது.

“வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? கைக்கு வந்த வேலைடி!”

“பார்வை போயிட்டிருக்கிற ஆளை, ஒண்ணுமில்லைன்னு அந்தப் புரோகிராம் வீட்டுக்கு அனுப்பிடும்க்கா. அதுக்கு நானும் தலையாட்டணுமா?”

அக்கா தொட்டிப் பக்கம் திரும்பினாள். பாத்திரங்களை டமார் டமாரென்று கழுவினாள்.

ஆர்டர் வரவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தின் கண் படங்களும் புரோகிராமும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்திலேயே கிடந்தன. சின்னவள் அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து, சரியாகப் பிரித்து ஓட்டினாள். தொண்ணூற்றாறு எழுபத்தொன்பதுக்கு இறங்கியது. விடவில்லை, கட்டுரையாகவே எழுதிவிட்டாள்.

பெயருக்குக் கீழே பணிபுரியும் இடத்தைப் போட வேண்டும். அங்கே வந்ததும் கை நின்றது. பழைய ஆய்வுக்கூடத்தின் பெயரைப் போட உரிமையில்லை, வெறுமனே விட்டால் ஆய்விதழுக்கு அனுப்ப முடியாது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ‘சமையலறை, அக்கா வீடு’ என்று தட்டினாள்.

பின்னால் நின்று அக்கா படித்துக்கொண்டிருந்தாள்.

“தெருப் பேரு, கதவு நம்பர் எல்லாம் போடுடி. சண்டைக்கு வர்றவங்க வழி தெரியாம நிக்கக் கூடாது.”