மூன்றாவது பல்

அப்பாவின் நகக்கண்ணில் படிந்திருந்த இரும்புக் கறுப்பு வெந்நீருக்கும் அசையவில்லை. ஈரத்துணியின் முனையை முறுக்கி, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள்.

“விடுடி. அவரே சோப்புப் போட்டுத் தோத்துப்போனவர்,” என்றாள் அம்மா. வீங்கிய கால்களை முக்காலியில் நீட்டியிருந்தாள். காலையில் அப்பாவின் உயிர் போனதிலிருந்து அவள் அழவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையை மட்டும் திருப்பினாள்.

இருவருக்கும் தெரியும், பெரியப்பா வருவார். நேற்று மதியம் அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் அதைப் பற்றித்தான்.

“கஜானாப் பூட்டோட மாதிரிச் சாவியைக் கேட்டு அண்ணன் வருவான். கொடுத்துடும்மா. இனிமே எதுக்கு வம்பு?”

“சரிப்பா, கொடுக்கிறேன்,” என்றிருந்தாள்.

ஊர்க் கஜானாவின் பூட்டு அப்பா செய்தது. எட்டு மாத வேலை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பட்டறையில் விளக்குப் பிடித்தவள் அவள்தான். வேலை முடிந்த அன்று, பட்டறைக்குத் தலைவரான பெரியப்பா முகப்புத் தகட்டில் தன் முத்திரையை அடித்தார். அடுத்த வருடமே, தம்பிக்குக் கை நடுங்குகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வெளியே அனுப்பினார். நடுங்காத அந்தக் கை அதன்பிறகு பதினேழு வருடம் அலமாரிப் பூட்டும் பெட்டிக் கொண்டியும் செய்தது. ‘கைநடுங்கி’ என்ற பெயர் மட்டும் போகவேயில்லை. தெருப்பிள்ளைகள் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

போன வாரம் கஜானா அதிகாரியின் படகு கவிழ்ந்தது. மனிதர் பிழைத்தார், சாவி ஆற்றோடு போனது. பூட்டுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பூட்டில் யாருடைய முத்திரை இருக்கிறதோ அவர்தான் ஊர் முன்னால் திறந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாளைக் காலை பத்து மணி என்று தண்டோராவும் போட்டாகிவிட்டது.

பெரியப்பா வந்தார். தம்பியின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதார். அழுகை உண்மையானதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பதினேழு வருஷமா வழி தெரியலையா பெரியவருக்கு?” என்றாள் பக்கத்து வீட்டு ரொட்டிக்காரம்மா, கேட்கும்படியாகவே.

“நீ சும்மா இரு அக்கா,” என்றாள் அம்மா. “வந்தவருக்குத் தண்ணி கொடு.”

பெரியப்பா தண்ணீரைக் குடித்தார். பிறகு மகளை ஜன்னலோரம் அழைத்தார்.

“கேக்கக் கூடாத நேரம்தான். அந்தப் பூட்டோட மாதிரிச் சாவி... உங்கப்பன் வெச்சிருப்பானே?”

“நீங்க செஞ்ச பூட்டுதானே பெரியப்பா? சாவியை நீங்களே அராவ முடியாதா?”

அவர் முகம் சுருங்கியது. “தப்பான சாவி போட்டா சிக்கிக்கும்மா. போட்டுப் பாத்து அராவுற பூட்டு இல்ல அது.”

“ஆமா. அப்பா சொல்லியிருக்காரு.”

“பெரியப்பா மானம் உன் கையில இருக்கு.”

“அப்பா கொடுக்கச் சொல்லிட்டாரு. உக்காருங்க, எடுத்துட்டு வரேன்.”

வீட்டோடு இருந்த அப்பாவின் சின்னப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதிரிச் சாவி எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தது. ஐந்து பற்கள். பிடிகருவியில் அதை இறுக்கினாள். சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கிய அரங்களில் மிகச் சிறியதை எடுத்தாள். மூன்றாவது பல்லில் நாலே இழுப்பு. மெல்லிய காகிதத்தின் கனம்கூட இருக்காது. பளபளத்த இடத்தை விளக்குப் புகையில் காட்டி, எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் பழைய கறுப்போடு கலந்துவிட்டது.

நாளை பத்து மணிக்குச் சாவி உள்ளே போகும். பாதி திரும்பும். பிறகு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அதை விடுவிக்கும் சுருள்வில், பெரியப்பாவின் முத்திரை இருக்கும் முகப்புத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. நாலு திருகாணியைக் கழற்றித் தகட்டை எடுத்தால்தான் தெரியும். வில்லுக்குப் பக்கத்திலேயே அப்பா தன் பெயரையும் தேதியையும் வெட்டியிருக்கிறார். அவர் வெட்டும்போதும் விளக்கு அவள் கையில்தான் இருந்தது. எந்தத் திருகாணியை முதலில் தொட வேண்டும் என்பது இப்போது உயிரோடிருப்பவர்களில் அவளுக்கு மட்டுமே தெரியும். ஆள் அனுப்புவார்கள். போவாள். சுத்தமான புடவை கட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் போவாள்.

சாவியைத் திரும்பவும் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். பெரியப்பாவின் கண் கலங்கியது.

“உங்கப்பன் மனசு உனக்கு அப்படியே வந்திருக்கு.”

“எனக்கு அம்மா ஜாடைன்னுதான் எல்லாரும் சொல்வாங்க பெரியப்பா.”

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தவர் பெரியப்பாதான். தெரு முனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஒரு கையால் பெட்டியைத் தாங்கியிருந்தார். இன்னொரு கை சட்டைப் பையை விட்டு விலகவேயில்லை.

இடுகாடு வரை நடக்க முடியாத அம்மாவுக்குத் துணையாக அவள் உள்ளே வந்தாள். பட்டறைக் கதவு திறந்திருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். பிடிகருவிக்குக் கீழே சிந்தியிருந்த இரும்புத் தூளைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த சின்ன அரத்தைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தில் புதுக் கறுப்பு.

“வெந்நீர் மிச்சம் இருக்கா?” என்றாள் மகள்.

அம்மா அரத்தை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்து, அதன் ஆணியில் மாட்டினாள்.