வெளிர் சாம்பல்

நோயெமி போர்த்திவைத்திருந்த மேசைவிரிப்பை எர்னெஸ்தா அடுப்பின் மேலிருந்து இழுத்து, மடித்து, நாற்காலியில் வைத்தாள்.

"ஏன்டி எடுக்கிற? சவப்பெட்டி தூக்க ஆளுங்க வர்ற நேரம். நம்ம மானம் போகுது" என்றாள் நோயெமி. எர்னெஸ்தாவின் இறந்துபோன கணவர் ஒத்தாவியோவின் அக்கா.

"அதுக்குத்தான் எடுக்கிறேன் அண்ணி."

அடுத்த அறையில் ஒத்தாவியோ ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு கிடந்தார். முந்தாநாள் காலை, மரத்தூள் குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் இந்த பெல்லட் அடுப்பு ஆறிக் கிடக்க, அதன் முன் மண்டியிட்டு, அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரொட்டிக் கடையில் வேறு பேச்சு. அடுப்பைச் சுத்தமாக வைக்கவில்லை, புகை வீட்டுக்குள் இறங்கி ஆளைக் கொன்றுவிட்டது என்று. நேற்று ஜெபமாலை சொல்ல வந்தவர்களில் இரண்டு பேர், அடுப்பு எரியாத வீட்டிலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பதினாறு குளிர்காலம், ஒரு காலைகூடத் தவறாமல், எரிகிண்ணத்தின் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தவர் அவர்.

பெட்டி தூக்க நால்வர் வந்தார்கள். பக்கத்து வீட்டுக் குயின்தோ வாசலிலேயே மூக்கைச் சுருக்கினான்.

"என்ன குயின்தோ, மோப்பம் பிடிக்கிற? நாயை வீட்ல விட்டுட்டியா?" என்றாள் எர்னெஸ்தா.

"இல்லக்கா... ஊர்ல சொல்றாங்க..."

"ஊரு சொல்லட்டும். நீ இந்தத் தட்டைப் பிடி."

வெள்ளைப் பீங்கான் தட்டு. கறுப்பு உடையோடு அவள் மண்டியிட்டாள். முதுகு மட்டும் வளையவில்லை. புகைக்குழாயின் அடிமூடியைத் திருகிக் கழற்றினாள். சரியாக எரியாத அடுப்பென்றால் இங்கேதான் கரி கரியாகக் கொட்டும்.

தட்டில் விழுந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. மாவு மாதிரி, வெளிர் சாம்பல்.

குயின்தோ விரலால் தொட்டுப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "எங்க வீட்டுக் குழாயத் திறந்தா மூஞ்சியே கறுத்துரும்க்கா."

"ரொட்டிக் கடையில அதையும் சொல்லு."

கண்ணாடியின் இடப்பாதி பளிச்சென்று இருந்தது. வலப்பாதி பழுப்பேறிக் கிடந்தது. அவர் கை அதுவரைதான் போயிருந்தது. எர்னெஸ்தா செய்தித்தாளை நனைத்து, அவர் செய்வதுபோலவே சாம்பலில் தொட்டு, மிச்சத்தைத் துடைத்தாள். நால்வரும் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"போதும், எழுந்திரு. கையக் கழுவிட்டு இதப் போட்டுக்க." கறுப்புக் கையுறைகளை நீட்டினாள் நோயெமி.

எர்னெஸ்தா அவற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கை கழுவவில்லை.

கோயில் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊரே வரிசையில் வந்து அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னது. ரொட்டிக் கடைக்காரியும் வந்தாள். அவள் கையை மட்டும் எர்னெஸ்தா சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்தாள்.

படியிறங்கிய கடைக்காரி உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கடையில் ஒட்டிய மாவென்று நினைத்திருப்பாள். பாவாடையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் நின்றாள்.