தூக்குச்சட்டியில் பி.ஏ.

நான் பி.ஏ. தேறிய செய்தி வந்த அன்று என் அப்பா இசக்கியப்பன் செய்த முதல் காரியம், தென்காசிக் கடைத்தெருவில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவரைத் தேடிப் போனது. வீட்டிலிருந்த செம்பு, குடம், தாம்பாளம், தூக்குச்சட்டி எல்லாவற்றிலும் ஏற்கெனவே 'இ. பேச்சிமுத்து' என்று என் பெயர் இருந்தது. இப்போது வாலில் 'பி.ஏ.' சேர்ந்தது.

"நாலு வருசம் படிச்சதுக்கு ரெண்டே எழுத்துதானா?" என்று அம்மா கேட்டாள். குளத்துக்குக் கீழே இருந்த ஒரு கோட்டை விதைப்பாடு வயலை என் படிப்புக்காக விற்றிருந்தார்கள். ஆகவே அவள் கேட்டதில் தப்பில்லை.

அடுத்த இரண்டு வருஷத்தில் நாற்பத்தேழு மனுப் போட்டேன். எல்லாவற்றின் அடியிலும் 'தங்கள் மிகவும் பணிவுள்ள ஊழியன்' என்று எழுதியிருந்தேன். ஊழியம் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ரோமாபுரி ஏன் விழுந்தது என்பதற்கு ஏழு காரணம் எனக்குத் தெரியும். தென்காசித் தாலுகாவில் அது எவருக்கும் தேவைப்படவில்லை.

முப்பத்துநாலாம் வருஷம் சாரல் தொடங்கியபோது, கடையநல்லூர் மசூது முதலாளி குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் கீற்றுக்கொட்டகை போட்டுத் துண்டுக் கடை வைத்தார். சொந்தத் தறியில் நெய்த துண்டும் கைலியும். குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் துண்டை மறந்துவிட்டு வருவார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நான் படித்த பொருளாதாரப் புத்தகங்களில் அது இல்லை.

கடைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பி.ஏ.க்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

"என்ன படிச்சிருக்கே?"

"எட்டாம் வகுப்பு, முதலாளி."

"பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயில்."

"ரொம்ப நல்லது. இதுக்கு முன்னால மூணு பி.ஏ.க்காரனுவள வச்சிருந்தேன் லே. கடையில உக்காந்திருப்பானா? ரயிலுக்குக் காத்துக்கிடக்கவன் மாதிரிலா உக்காந்திருப்பான்! தபால்காரன் தலை தெரிஞ்சா எந்திரிச்சு நிப்பான். மூணு பேரும் சர்க்கார் கச்சேரியிலேர்ந்து வேலைக்குக் காயிதம் வந்த அன்னைக்கே துண்டைப் போட்டுட்டு ஓடிட்டானுவ. ஒருத்தன், நீளம் அளந்துக்கிட்டிருந்தவன், பாதியில முழக்கோலோட ஓடிட்டான்."

மாதம் பதினைந்து ரூபாய்க்குச் சேர்ந்தேன். வீட்டில், துணிக் கம்பெனியில் உத்தியோகம் என்று சொல்லி வைத்தேன். மத்தியானச் சோற்றை இலைப் பொட்டலமாகக் கட்டித் தரும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். தூக்குச்சட்டி கனக்கிறது என்று காரணம் சொன்னேன்.

எட்டாம் வகுப்பு ஃபெயிலாக இருப்பது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்ட எனக்கு நான்கு வருஷப் பயிற்சி. அதைத் திருப்பிப் போட்டால் போதும். விலைச்சீட்டை உதட்டை அசைத்து அசைத்து வாசித்தேன். மதராஸ்காரர்கள் கடை வாசலில் நின்று இங்கிலீஷில் என் முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டபோது, ஒன்றும் விளங்காதவனாக ஒரு துண்டை உதறிக் காட்டினேன். அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் தாண்டியது. "பேச்சிமுத்து மாதிரி ஒரு பய கிடைக்கமாட்டான்" என்று முதலாளி பக்கத்துக் கடை எண்ணெய்க்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் வகுப்பு அதுதான்.

அடுத்த நாள் மத்தியானம் சாரலில் நனைந்துகொண்டே அப்பா வந்து நின்றார். மகன் உத்தியோகம் பார்க்கிற இடத்தைக் கண்ணால் பார்க்கத் தென்காசியிலிருந்து மூன்று மைல் நடந்திருக்கிறார். கையில் தூக்குச்சட்டி. அதைப் பலகையில் வைத்தார். எழுத்துப் பக்கம் முதலாளியைப் பார்த்து உட்கார்ந்தது.

முதலாளி மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஆரு சட்டிலே?"

"பழைய சாமான், முதலாளி. ஏலத்துல எடுத்தது."

"என்னது?" என்றார் அப்பா. "ஏலத்துலயா? வயலுதாம்லே வித்துது! சட்டி நம்ம சட்டி. முதலாளி, என் மவன் பி.ஏ. மதராஸ் வரைக்கும் போய்ப் படிச்சவன்."

"எட்டாம் வகுப்பு ஃபெயிலுன்னுலா சொன்னான்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "எட்டாம் வகுப்பா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுலயும் ஃபெயிலா?" என்றார்.

இப்போது இரண்டு பேர் என் மேல் கோபமாக இருந்தார்கள். ஒருவருக்கு நான் பி.ஏ. என்று கோபம், மற்றவருக்கு நான் பி.ஏ. இல்லை என்று சொல்லிவிட்ட கோபம். துண்டு வாங்க வந்த ஒருவர், அருவிக் குளியலுக்குத் தேய்த்த எண்ணெய் சொட்டச் சொட்ட, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"கணக்கைத் தீத்துருதேன், கெளம்பு" என்றார் முதலாளி.

அப்பாவின் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. "முதலாளி, அவன் ஓடமாட்டான். வேணும்னா அந்தப் பட்டக் காயிதத்தக் கொண்டாந்து உங்க பெட்டியில வைக்கேன். அது இல்லாம சர்க்கார்ல எவன் சேப்பான்? அடமானம்னு வச்சுக்கிடுங்க."

அது கண்ணாடி போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அப்பா முதலில் காட்டுவது அதைத்தான்.

"அதை வச்சு நான் என்ன செய்ய, அண்ணாச்சி? துண்டு பொதிஞ்சு குடுக்கக்கூட ஆகாதே" என்றார் முதலாளி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். "ஏலே, உன் அய்யாவப் பாக்காத, என்னையப் பாத்துச் சொல்லு. நாளைக்குச் சர்க்கார் காயிதம் வந்தா போவியா, மாட்டியா?"

பரீட்சையாக இருந்தால் இரு தரப்பையும் ஆராய்ந்து நான்கு பக்கம் எழுதியிருப்பேன். போகமாட்டேன் என்றால் பதினைந்து ரூபாய் தங்கும். ஆனால் நனைந்த வேட்டியோடு நிற்கிற அப்பா அதற்கப்புறம் எதற்காக மூன்று மைல் திரும்பி நடப்பார்?

"போவேன், முதலாளி" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷமா, சம்பளம் போன வருத்தமா, தெரியவில்லை.

முதலாளி முழக்கோலை எடுத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதை என் கையில் கொடுத்தார்.

"மத்த மூணு பேரும் போகவேமாட்டேன்னு சொல்லிட்டு ஓடினவனுவ. நீ போவேன்னு சொல்லுதே. இருந்துட்டுப் போ. காயிதம் வந்தா மூணு நாளைக்கு முன்கூட்டிச் சொல்லணும், கேட்டியா? அந்தா எண்ணெயோட நிக்காருலா, அவருக்கு ஒரு துண்டை எடு."

அதற்குப் பிறகு மூன்று சாரல் வந்து போய்விட்டது. சாரல் இல்லாத மாதங்களில் அவருடைய தென்காசிக் கடையில் இருக்கிறேன். சம்பளம் பதினெட்டு. முதல் வருஷம் திங்கட்கிழமைதோறும் முதலாளி, "காயிதம் வந்துச்சா?" என்று சந்தேகத்தோடு கேட்பார். இரண்டாம் வருஷம் சும்மா கேட்டார். இப்போது, நோயாளியின் வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

போன வாரம் தபால்காரர் கடையைத் தாண்டிப் போனார். நான் எழுந்திருக்கவில்லை, துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். முதலாளிதான் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தார். திரும்பி வந்து கல்லாவைத் திறந்து ஒரு தபால்தலையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இன்னொரு மனுப் போட்டுப் பாரேம்லே" என்றார். "இது என் செலவு."