சப்பாத்து விவகாரம்

பர்மா அரசனின் முன்னால் ஆங்கிலேயத் தூதர் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்பது பற்றிப் புனிதவதிக்குத் தெரிந்த அளவு ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. மூன்று வருடமாக அவளுக்குச் சோறு போட்டது அந்த விவகாரம்தான். மண்டலேயிலிருந்து ரங்கூனுக்கும், ரங்கூனிலிருந்து கல்கத்தாவுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போன கடிதங்களைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கணினி வாசித்து அச்செழுத்தாக்கும். அந்தக் காலத்துக் கூட்டெழுத்தைக் கண்டு அது திணறும்போது, தேக்கு மரத்தைத் தேயிலையாக்கும்போது, பிழை திருத்துவது புனிதவதியின் வேலை. யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் பழைய உறுதிப் பத்திரங்களோடு மாரடித்த கண் அவளுக்கு.

அந்தத் துரைமார் எழுதிய அழகை என்னவென்று சொல்வது. அறியத்தருவதில் பெருமையடைகிறேன் என்று தொடங்குவார்கள், தங்கள் மிகக் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று முடிப்பார்கள், நடுவில் ஒரு நாட்டை எப்படி விழுங்கலாம் என்று சாவகாசமாகப் பேசுவார்கள். உண்மையான காரணம் மட்டும் எந்தக் கடிதத்திலும் இராது. தேக்கு வேண்டுமென்றால் நீதியைப் பற்றி எழுதுவார்கள். கடிதத்தில் மரியாதை கூடக்கூட, ஆற்றில் பீரங்கிக் கப்பல் கிட்ட வருகிறது என்று புனிதவதி கண்டுவைத்திருந்தாள்.

அவளுடைய ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பதும் நிறுத்துவதும் பேராசிரியர் சேதுராமனின் கையில். கும்பகோணத்துக்காரர். இதே சப்பாத்து விவகாரத்தைப் பற்றித் தலையணைத் தடிப்பில் புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர். பிறர் வாசலில் காலணியைக் கழற்றத் தெரியாத ஒரு பேரரசின் திமிர்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது அவருடைய கட்சி. ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது என்று புனிதவதிக்குப் பயமாக இருந்தது. வேலையில் ஆசையும் இருந்தது. அந்தக் கடிதங்களை வாசிப்பது அவளுக்குப் பிடிக்கும்.

யோசனை சொன்னவர் கணவர் அருள்நாயகம்.

"பேராசிரியர் சேரை ஒருக்கால் சாப்பிடக் கூப்பிடுமன். எங்கட வீட்டிலை கை நனைச்ச மனுசன் பிறகு மாட்டன் எண்டு சொல்லுவாரே?"

அருள்நாயகம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பஸ்ஸில் பிள்ளைகள் ஏறி மிதித்தாலும் சிரித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குள் வந்தால் அவர் வேறு ஆள். வாசலுக்கு நேரே சாமியறை இருப்பதால் சப்பாத்தோடு ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. ஒருமுறை புகைமணி அடித்து ஓடிவந்த தீயணைப்புக்காரரிடமே சப்பாத்து அடுக்கும் தட்டைக் கைகாட்டியவர் அவர்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம் பேராசிரியர் வந்தார். வெளியே பனி உருகிச் சேறாய்க் கிடந்தது. கையில் பழப்பெட்டி, காலில் பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. மிதியடியில் ஏறி நின்று இரண்டு காலையும் நன்றாகத் துடைத்தார். துடைத்தவர் அங்கேயே நின்றார்.

"வாங்கோ சேர், உள்ளுக்கை வாங்கோ. சப்பாத்தை இதிலை வையுங்கோ," என்றார் அருள்நாயகம்.

"இல்லைங்க, பரவாயில்ல. இங்கயே ரெண்டு நிமிஷம் பேசிட்டுக் கிளம்பிடறேன்."

"என்ன கதை இது? சாப்பாடு எல்லாம் ரெடி."

"குனிஞ்சா முதுகு பிடிச்சுக்கும். டாக்டர் குனியவே கூடாதுன்னுட்டார். அதான் ஷூவோட..."

"அதுக்கென்ன, நான் கழட்டிவிடுறன்," என்று அருள்நாயகம் உடனே குனிந்தார். பேராசிரியர் பாம்பைக் கண்டவர்போலப் பின்னால் ஓரடி வைத்தார்.

இதையெல்லாம் புனிதவதி ஏற்கெனவே வாசித்திருக்கிறாள். ஒரு பக்கம் அரசன், ஒரு பக்கம் தூதர், நடுவில் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் மொழிபெயர்ப்பாளன், துபாஷி. கணவரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹீட்டர் திருத்த வந்தவன் விட்டுப்போன நீலப் பிளாஸ்ரிக் உறை மேசை லாச்சியில் கிடந்தது. அதைச் சப்பாத்துக்கு மேலே போட்டுக்கொண்டு வரட்டும் என்றாள்.

"உறை போட்டாலும் சப்பாத்து சப்பாத்துத்தான். வெள்ளைக்காரன் எண்டால் தெரியாமல் செய்யிறான் எண்டு விடலாம். உவர் தமிழன். அதுவும் இதைப் பற்றியே புத்தகம் எழுதின ஆள் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"மெல்லக் கதையுங்கோ. என்ர வேலை அந்தாளின்ர கையிலை கிடக்குது."

"வேலைக்காகச் சாமியை விக்கச் சொல்லுறீரோ?"

புனிதவதி லாச்சியை அடித்து மூடினாள். பிறகு அருள்நாயகத்தின் முகம் மலர்ந்தது. "கராஜ்," என்றார்.

ஸ்காபரோவில் ஓர் ஆண்மகனுடைய கராஜில் கார் நிற்கும் என்று யாராவது நினைத்தால் அவர் ஊருக்குப் புதிது. அருள்நாயகத்தின் கராஜில் கம்பளம் விரித்திருந்தது, மின்கணப்பு இருந்தது, பிளாஸ்ரிக் கதிரைகளும் மடிக்கிற மேசையும் பாட்டுப் பெட்டியும் இருந்தன. வீடும் இல்லை, வெளியும் இல்லை. சாமிக்கும் அங்கே அதிகாரம் கிடையாது. பெரிய கதவைத் தூக்கி, வெளிப்பக்கத்தால் பேராசிரியரைச் சப்பாத்தோடு அழைத்துவந்து இருத்தினார்கள். பேராசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை, அருள்நாயகமும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் வென்ற முகத்தோடு இடியப்பத்தில் கை வைத்தார்கள்.

சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் உள்ளே போகப் போகப் பேராசிரியருக்குப் பேச்சு வந்தது.

"புனிதவதி இல்லேன்னா இந்த ப்ராஜெக்டே இல்லைங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கு. அடுத்த வாரமே பேப்பர் மூவ் பண்றேன்."

புனிதவதிக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

"ஓம் சேர், அந்த பர்மா ராசாவுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டார் அருள்நாயகம்.

"நாட்டைப் பிடிச்சு, ராஜாவை இந்தியாவுக்கு நாடு கடத்திட்டாங்க."

"சப்பாத்துக்காகவோ?"

"தேக்குக் கம்பெனித் தகராறு, ஃப்ரெஞ்சுக்காரன் வந்துடுவான்னு பயம், எல்லாம் உண்டு. ஆனா ஆரம்பம் ஷூதான். தூதர் ராஜாவை நேர்ல பார்க்கறதே நின்னு போச்சு. பாருங்க, ஒரு நிமிஷம் குனிஞ்சு கழட்டிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்? வெறும் அகம்பாவம்."

அருள்நாயகம் மேசைக்குக் கீழே பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். புனிதவதி, வாயைத் திறக்க வேண்டாம் என்று கண்ணாலேயே கும்பிட்டாள். அவர் தேத்தண்ணி ஊற்றினார். குளிருக்கு இதமாக இருந்ததால் பேராசிரியர் மூன்று கோப்பை குடித்தார்.

கடைசியில் கவிழ்த்துவிட்டது அந்தத் தேத்தண்ணிதான். பேராசிரியர் கதிரையில் நெளிந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார்.

"ரெஸ்ட் ரூம்..."

கராஜில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. வீட்டுக்குள் போகும் சின்னக் கதவுக்கு முன்னால் பேராசிரியர் நின்றார். அருள்நாயகம் கதவைத் திறந்து பிடித்தபடி, மரியாதையாக நின்றார். கடைசியில் சேதுராமன் குனிந்தார். முதுகு ஒன்றும் செய்யவில்லை. சப்பாத்து கழன்றது.

வலது கால் காலுறையிலிருந்து பெருவிரல் முழுதாக வெளியே வந்திருந்தது. இடது காலில் குதிக்காலைக் காணவில்லை, காலுறை கணுக்காலோடு ஒரு வளையமாக நின்றது. ஒருவரையும் பார்க்காமல் மனிதர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

புனிதவதிக்கு முதலில் சிரிப்பு வந்தது, உடனேயே பாவமாகப் போய்விட்டது. மனைவி சென்னையில் மகளோடு இருக்க, இந்த ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் புத்தகம் எழுதும் மனிதன். காலைப் பார்க்க ஆளில்லை. இதைப் பெரிதுபடுத்தாமல் விட்டால் போதும் என்று நினைத்தாள். கணவர் பக்கம் திரும்பினாள். அவரைக் காணவில்லை.

பேராசிரியர் விடைபெறும் நேரத்தில் அருள்நாயகம் ஒரு பையோடு வந்தார். வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவது அந்த வீட்டில் நடக்காத காரியம். பைக்குள் வடை, கட்டித் தயிர். அதற்கு மேலே, மறைக்கக்கூடத் தோன்றாமல், பிரிக்காத காலுறைக் கட்டு ஒன்று. சாம்பல் நிறம், மேலே சிவப்புக் கோடு.

"சொக்ஸ் சேர். மலிவா விக்கேக்கை நாலைஞ்சு கட்டு வாங்கிப் போட்டனான். நீங்கள் ஒண்டும் யோசிக்கவேண்டாம்."

அந்தக் குரலில் கேலி ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். சேதுராமனின் காது சிவந்தது. "ரொம்ப நன்றி," என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார். கதவைத் திறந்துவிட்டார். புனிதவதி என்று கூப்பிட்டவர் மிஸஸ் அருள்நாயகம் என்றார். ஆற்றில் கப்பல் வருவது புனிதவதிக்குக் கேட்டது.

வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. அவர்கள் வீட்டு உபசாரத்தைத் தம்மால் மறக்க இயலாது என்று தொடங்கியது. கணினி இப்போது போதிய அளவு நன்றாக வாசிக்கிறது என்றும், ஒப்பந்தத்தை நீட்டிக்க இயலாமைக்கு மிக வருந்துவதாகவும், மிஸஸ் அருள்நாயகத்தின் பணியின்மேல் தமக்கு என்றும் உயர்ந்த மதிப்பு உண்டு என்றும் நடுவில் சொல்லியது. உண்மையான காரணம் எங்கும் இல்லை. இப்படியான கடிதத்தை வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கணினித் திரையில் அன்று காலை அது வாசித்துவைத்த பக்கத்தில் தேக்கெல்லாம் தேயிலையாகவே கிடந்தது.

கடைசி நாள் சாவியை ஒப்படைக்க அவருடைய அறைக்குப் போனாள். கதவு திறந்து கிடந்தது. பேராசிரியர் சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். காலில் சாம்பல் நிறக் காலுறை, மேலே சிவப்புக் கோடு. அவளைக் கண்டதும் கால் இரண்டும் உள்ளே ஓடின. அவள் சாவியை வைத்தாள், நன்றி சேர் என்றாள், வந்துவிட்டாள்.

வேலை ஏன் போனது என்று அருள்நாயகத்திடம் அவள் சொல்லவில்லை. கணினியை வைத்துச் செய்யப் போகிறார்களாம் என்று மட்டும் சொன்னாள். அவர் அதை நம்பி, கணினியை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டு கேட்டார்.

"அந்தாளுக்குச் சொக்ஸ் அளவோ எண்டு கேட்டனீரே?"

"ஓம், அளவுதான்," என்றாள் புனிதவதி. "போட்டிருக்கிறார்."

"பாத்தீரே," என்றார் அருள்நாயகம், திருப்தியாக. "நல்ல மனுசன்."