பன்னிரண்டாவது எலி

"அறுபட்ட நரம்பு தன் வீட்டை மறப்பதில்லை. உலகத்தின் வறண்ட வாய்கள் அனைத்துக்கும் இன்று விடிந்துவிட்டது!" என்று ஆய்வுக்கூடத் தலைவர் கூட்டத்தில் முழங்கினார். அதுவரை விடிந்திருந்தது பதினொரு எலிகளுக்கு.

பன்னிரண்டு எலிகளுக்குக் கழுத்தின் வலப்பக்கம் இருக்கும் நரம்பு முடிச்சை அவரே தம் கையால் வெட்டியெடுத்தார். முடிச்சு போனால் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஓடும் நரம்பு நார்கள் பட்டுப்போகும். அவை திரும்ப முளைக்கத் தம் மருந்தை ஊசியில் ஏற்றினார். எட்டு வாரத்தில் பதினொரு சுரப்பிகளில் நார்கள் அடர்ந்து கிடந்தன. பன்னிரண்டாவதில் மட்டும், ஊசி குத்திய இடத்தில் சிக்குப்பிடித்த நூல்போலச் சுருண்டு கட்டியாகியிருந்தன.

"அது சோம்பேறி எலிம்மா. லிஸ்ட்ல சேக்காத" என்றார்.

சொல்லப்பட்டவள், சுரப்பியை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றும் ஸ்லைடக்கா. அவளுக்குப் பன்னிரண்டாவதைவிட மற்ற பதினொன்றின்மேல்தான் சந்தேகம். புதிதாய் முளைத்த நார் மெலிந்து, வழி தெரியாமல் தடுமாறும். இவையோ பரம்பரைச் சொத்துக்காரர்கள்போலத் தடித்து உட்கார்ந்திருந்தன.

அறுவைக்கு மறுநாள் எடுத்த படங்களை எடுத்துப் பார்த்தாள். அந்த முடிச்சு போனால் அந்தப் பக்கத்து இமை தொங்கிவிடும். பன்னிரண்டாவது எலிக்குத் தொங்கியிருந்தது. மற்ற பதினொன்றும் இரு கண்ணும் விரிய அவளையே பார்த்தன. படங்களை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த அறையில் தலைவர் ஊசியில் மருந்தேற்றிக்கொண்டிருக்க, அவருடைய மச்சான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்துக் கட்டியை எடுத்தபோது சுரப்பிக்குப் போகும் நரம்பும் போய், நான்கு வருடமாகத் தண்ணீர் பாட்டிலும் கையுமாய் அலைபவர். மனிதர்களில் முதல் ஊசி அவருக்குத்தான்.

"சார், ஊசிய நிறுத்துங்க. பதினொரு எலிக்கு இமை தொங்கவே இல்ல. அதுங்களுக்கு நரம்பு வெட்டுப்படல."

"எலி முழிச்சுக்கிட்டு இருந்தா அதுவும் என் குத்தமா?"

"நெஜமா வெட்டுனது அந்த ஒண்ணுதான் சார். அதுக்குத்தான் கட்டி வந்துச்சு."

மச்சான் தலையைத் தூக்கினார். "மாமா, நான் எந்தக் கோஷ்டி?"

"பேசாம சாயுடா. உங்கக்கா தெனமும் என் உயிர வாங்குறா."

"அண்ணே, எழுந்து போயிடுங்க" என்றாள் ஸ்லைடக்கா. பிறகு தலைவரிடம், "எலிங்க கழுத்துலேர்ந்து நீங்க வெட்டுன துண்டையெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். ஒரு மணி நேரம் குடுங்க சார், சாயம் போட்டுக் காட்டுறேன்."

"தாராளமா" என்றார்.

அவள் தட்டுடன் திரும்பியபோது ஊசி காலியாகக் கிடந்தது. மச்சான் தாடையடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னமோ உருளுதே மாமா."

தலைவர் நுண்ணோக்கியில் குனிந்தார். ஒவ்வொரு ஸ்லைடாக நிதானமாகப் பார்த்து நிமிர்ந்தார். "பன்னெண்டும் முடிச்சுதான். என்ன குறை?"

"பதினொண்ணு நிணநீர்க் கணு சார், நெறி கட்டுமே அது. முடிச்சுக்குப் பக்கத்துலயே அதே மாதிரி இருக்கும். ஒண்ணுதான் முடிச்சு."

அவர் மறுபடி குனிந்தார். ஸ்லைடுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு, மச்சான் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, அந்த ஒன்று எது என்று அவளிடம் கேட்டார்.