நெவ்வுக்கு எந்தக் கண்

பொட்டலத்தைப் பிரித்ததும் ரேலீனின் பார்வையில் முதலில் பட்டவை துணியில் அச்சிட்ட அன்னாசிப் பழங்கள். அப்புறம் கூழைக்கடாக்கள்; அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால். அவற்றுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்குச் சிரித்துக்கொண்டு, செத்துப்போன அவள் புருஷன் நெவ். நீச்சலுடையைச் சமையலறை மேஜைமேல் விரித்துப் போட்டாள். வயிற்றில் ஒரு நெவ், மார்புக்குக் கீழே ஒரு நெவ், இடுப்புத் தையலில் பாதியாக வெட்டுப்பட்ட ஒரு நெவ். எல்லோருக்கும் பல் வரிசை முத்துப் போல இருந்தது. எஃகு ஆலையில் சங்கிலி அறுந்து முகத்தில் அடித்த நாளிலிருந்து அசல் நெவ்வுக்கு முன்பல் ஒன்று கிடையாது. அது போகட்டும், பல் கட்டிக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். அவளை நாற்காலியில் உட்கார வைத்தது கண்.

கூடவே ஓர் அட்டை. 'வரலாற்றுச் சிறப்புமிக்க இந்நாளில்' என்று தொடங்கியது. யார் எழுதியது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியரும் 'குளிர் இறால்கள்' நீச்சல் சங்கத்தின் தலைவருமான வாரிக், கழிவறைக் குழாய் ஒழுகுவதைத் தெரிவிக்கும் மின்னஞ்சலையும் அப்படித்தான் தொடங்குவார். அந்தக் கரையில் குளிர் தொடங்கும் மே மாதத்தின் முதல் ஞாயிறிலிருந்து குளிர் விடும்வரை, புயலே அடித்தாலும் கடலோரப் பாறைக்குளத்தில் நீந்தியே தீருவோம் என்று சபதம் எடுத்த கிழடுகளின் சங்கம் அது. சபதம் எடுக்கும்போது அவர்கள் கிழடுகள் இல்லை. நெவ்தான் தொடக்கத்திலிருந்தே ஆரம்பக் குரல் கொடுப்பவன். மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரும் பனிக்கட்டிகளைக் குளத்தில் கவிழ்த்து, "குதிங்கடா சோம்பேறிகளா!" என்று அவன் கத்தினால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த வருஷம் கத்த ஆள் இல்லை. அதனால் எல்லோரும் அவனையே உடுத்திக்கொண்டு குதிப்பது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

நூலகத்தில் நடந்த ஒரு மதிய வகுப்புக்கு வாரிக் போய்வந்திருந்தார். வார்த்தையைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அன்று முதல் எதிரில் வந்தவர்களுக்கெல்லாம், அதைத் தான்தான் பெற்று வளர்த்த மாதிரி, விளக்கிக்கொண்டிருந்தார். சங்கச் சுவரில் மாட்டியிருந்த நெவ்வின் படத்தை அதற்குக் கொடுத்தார். அதில் நெவ் தொப்பியும் நீச்சல் கண்ணாடியுமாகத் தவளை மாதிரி இருப்பான். குளத்தில் எடுத்த படம் எதிலும் யாரும் வேறு மாதிரி இருந்ததில்லை. கண்ணாடியை எடுத்துவிடு, மகிழ்ச்சியானவராக, கண்ணியமானவராக, கடலை நேசித்தவராகக் காட்டு என்று கேட்டிருக்கிறார். இயந்திரம் சளைக்காமல் நெவ்வுகளைப் பெற்றுப் போட்டது. கமிட்டி கூடி, கையைத் தூக்கி வாக்களித்து, இருந்த நெவ்வுகளிலேயே சிறந்த நெவ்வைத் தேர்ந்தெடுத்தது. பிரிஸ்பனில் ஒரு கடை அதைத் துணியில் அச்சிட்டு, அவரவர் அளவுக்குத் தைத்து அனுப்பிவிட்டது. ரேலீனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமாம்.

கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதுவாக இரண்டு கண்களைச் செய்து வைத்துவிட்டது. நீலமாக, தெளிவாக, பால் விளம்பரத்தில் வரும் தாத்தாவுக்கு இருப்பது போல. நெவ்வுக்கு ஒரு கண்ணில் சதை வளர்ந்திருந்தது. வெயிலும் உப்புக்காற்றும் தின்ற கண்ணில், மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி, பூச்சியின் சிறகு போல இளஞ்சிவப்பாக ஏறிக்கொண்டிருந்த சதை. அறுத்துவிடலாம் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "வாடகை குடுக்காத குடித்தனக்காரன். இருந்துட்டுப் போறான் விடு," என்பான்.

மேஜையோரம் உட்கார்ந்து, இயந்திரம் செய்த சுத்தமான கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. குடித்தனக்காரன் எந்தக் கண்ணில் இருந்தான்?

இடது என்று நினைத்தாள், இடதில் தெரிந்தது. வலது என்று நினைத்தாள். வலதிலும் அதே சிறகு, அதே சிவப்பு. எழுந்துபோய் ஆல்பங்களை இறக்கினாள். கல்யாணப் படத்தில் அவனுக்கு இருபத்து மூன்று வயசு, சதையே இல்லை. அதற்கப்புறம் முதுகு, கருப்புக்கண்ணாடி, கேமராவை மறைக்கும் கை, வெயிலுக்கு இடுங்கிய முகம். அவன் போனதும் அவனுடைய ஓட்டுநர் உரிமத்தை, எல்லா விதிகளுக்கும் கீழ்ப்படிகிற தன் கெட்ட புத்தியால், ஒழுங்காகத் திருப்பி அனுப்பியிருந்தாள். டாக்டர் வாசலை மிதிக்காதவன், அங்கேயும் குறிப்பு இருக்காது.

அவன் நீந்திவிட்டு வந்ததும் அந்தக் கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து விட்டவள் அவள்தான். அந்தச் சின்ன பாட்டில் இன்னும் அலமாரியில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் இல்லாத தாடையைப் பிடித்து, வலது கையை உயர்த்திப் பார்த்தாள். கை அவள் நினைத்த பக்கமெல்லாம் போயிற்று. சொன்னபடி கேட்கும் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிவப்பு நூலை ஊசியில் கோத்தாள். ஒரு கண்ணின் மூலையில் நாலு தையல் போட்டால் போதும், அவன் வந்துவிடுவான். தப்பான கண்ணில் போட்டால் அப்புறம் அதுவே நிஜமாகிவிடும். ஏற்கெனவே அந்தத் துணிமுகம் நெஞ்சில் வந்து உட்கார இடம் பார்த்துக்கொண்டிருந்தது. ஊசி அன்று துணிக்குள் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நீச்சலுடைக்கு மேலே நெவ்வின் பழைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள். பையில் ஊசி, நூல், அந்த பாட்டில். கடல் சாம்பல் நிறத்தில் பாறைச்சுவரைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. உடைமாற்றும் கொட்டகையின் வாசலில், குளிரில் துள்ளிக்கொண்டு, நெவ்வுகள் நின்றார்கள். சங்கத்து உறுப்பினர் கொலீனின் எலும்பு உடம்பில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். ஆண்களின் ஜட்டியில் அவன் முகம் சரியாகப் பின்பக்கத்தில் விழுந்திருந்தது. மெர்வ் கிழவருக்கு அங்கே சதை தளர்ந்துவிட்டதால் அவன் அழுவது போல இருந்தான். மெர்வ் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அவன் மூஞ்சிமேலயே உக்காந்திருக்கியே, எந்திரிடா மெர்வ்," என்றாள் கொலீன்.

"இருபது வருஷமா பீருக்குக் காசு குடுக்காம ஏமாத்தினான். கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன் விடு."

ரேலீன் சிரித்தாள். நெவ் இதைக் கேட்டிருந்தால் பெஞ்சில் புரண்டிருப்பான். சிரித்த வாயோடு சட்டையைக் கழற்றி, பையிலிருந்து ஊசியை எடுத்தாள். அதிலிருந்து சிவப்பு நூல் காற்றில் ஆடியது.

"ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. நெவ்வுக்குச் சதை வளந்திருந்திச்சே, அது எந்தக் கண்ணு?"

"இடது," என்றார் மெர்வ்.

"போடா குருடா. வலது," என்றாள் கொலீன். "கிறிஸ்மஸ் விருந்துல எனக்கு எதிர்ல உக்காந்திருந்தான். இந்தப் பக்கம்."

"எதிர்ல உக்காந்தா உனக்கு வலது, அவனுக்கு இடதுடி!"

"எனக்கு வலது எது, அவனுக்கு வலது எதுன்னு தெரியாதா எனக்கு?"

கொட்டகைக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். இடது என்று ஒரு கட்சி, வலது என்று ஒரு கட்சி, நடுவர் தீர்ப்பைப் பற்றிக் கிரிக்கெட் மைதானத்தில் அடித்துக்கொள்வது போல. ஒருவன் சதையே கிடையாது, அது வெறும் சிவப்பு என்றான். குரல்கள் ஏறின. ரேலீன் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். இவர்களில் யாரும் அவன் கண்ணைப் பார்த்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தன்னையும் அதே வரிசையில்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"வாரிக், நீ சொல்லு," என்றாள். "உனக்குத் தெரியாதது உண்டா?"

உரை எழுதிய தாளோடு நின்றிருந்தார் வாரிக். அவருடைய தொப்பை மடிப்புக்குக் கீழே ஒரு நெவ் பாதி ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். எதைக் கேட்டாலும் 'அடிப்படையில்' என்று தொடங்கும் அந்த வாய் இன்று வேறு மாதிரித் தொடங்கியது.

"தெரியலை ரேலீன்." அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. "முப்பது வருஷமா பக்கத்து வரிசையில நீந்தினேன். தண்ணிக்குள்ள ரெண்டு பேரும் கண்ணாடி. மேல வந்தா நான் பேசிக்கிட்டே இருப்பேன். அவன் கேட்டுக்கிட்டு இருப்பான். நான்... பாக்கலை."

ரேலீன் ஊசியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். அவர் தாளை நாலாக மடித்தார். ஜட்டியில் பை இல்லாததால் எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்து, பெஞ்சில் காலணிக்குள் செருகினார். நெற்றியிலிருந்த நீச்சல் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். பிறகு போய், பனிக்கட்டிப் பெட்டியைத் தானே தூக்கிக் குளத்தில் கவிழ்த்தார். கத்த முயன்றார். "குதிங்க..." என்பது வரைதான் வந்தது. மீதியை மெர்வ் கத்தினார்.

தண்ணீர் எல்லோரையும் ஒரே மாதிரி அறைந்தது. ரேலீன் தன் வழக்கமான வரிசையில், சுவரோரமாக நீந்தினாள். மூச்சுக்கு முகம் திருப்பும்போதெல்லாம் பக்கத்து வரிசையில் வாரிக் தெரிந்தார். கண்ணாடி இல்லாமல், இமைகளை இறுக்கிக்கொண்டு, அலை உள்ளே விழும்போதெல்லாம் உப்புத்தண்ணீரை முகத்தில் வாங்கி, கோணல்மாணலாகப் போய்க் கயிற்றில் மோதினார். நிற்கவில்லை. அவரைச் சுற்றிப் பனிக்கட்டிகள் மிதந்தன.

கரையேறும்போது வாரிக்குக் கண்ணே தெரியவில்லை. படிக் கம்பியைத் தடவித் தடவி ஏறி, பெஞ்சுக்கு வழி கேட்டார். இரண்டு கண்ணும் வேகவைத்த நண்டின் நிறத்தில் வீங்கியிருந்தன. அந்தப் பக்கம் இரும்புத்தட்டில் இறைச்சி சாசேஜ்கள் பொரியத் தொடங்கியிருந்தன. யாரோ ரம் பாட்டிலைத் திறந்தார்கள்.

"கிழட்டு முட்டாள்," என்றாள் ரேலீன். "உக்காரு. அண்ணாந்து பாரு."

பையைத் துழாவி அந்த பாட்டிலை எடுத்தாள். தேதி போன மருந்தாக இருக்கும். ஆகட்டும், இந்த ஆளுக்கு இது போதும் என்று நினைத்தாள். பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன, குளிரில் விரல்களில் உணர்ச்சியே இல்லை. துண்டு தோளிலிருந்து நழுவியது. மூடியைப் பல்லால் கடித்துத் திருகி, மெர்வ் கொண்டுவந்து நீட்டிய கோப்பையை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வாரிக்கின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

"ரெண்டும் எரியுது ரேலீன்."

"பொறு. ஆடாதே."

கை போயிற்று. அவள் அனுப்பவில்லை. தாடையைப் பிடித்த கை முகத்தை லேசாக ஒரு பக்கம் சாய்த்தது, கட்டைவிரல் கீழிமையை இழுத்தது, மற்ற கை வளைந்து வந்து அவருடைய இடது கண்ணுக்கு மேலே, மூக்கோரமாக, நின்றது.

தினமும் போன இடத்துக்கே கை போயிருந்தது.

"என்னாச்சு?" என்றார் வாரிக், வாய் அசையாமல்.

"அசையாதே, வாரிக். தயவுசெஞ்சு அசையாதே." பார்வையை எடுக்காமலே கூப்பிட்டாள். "கொலீன், என் பையில ஊசி நூல் இருக்கு. எடுத்துக்கிட்டு வா."

பாட்டிலின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, காற்றில் நடுங்கிக்கொண்டு, விழாமல் நின்றது. அதற்குக் கீழே, சிவந்துபோன அந்தக் கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.