அண்ணன் வீட்டுச் சமையல்காரி

"பிச்சைக்கார அட்டையெல்லாம் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது!" என்று அண்ணன் கத்திய கத்தலில், அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வீடு வீடாகப் பெயர் பதிந்துகொள்ள வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சமையலறைக் கதவோரம் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தங்கை. பித்தப்பையில் கல். எடுக்காவிட்டால் சீழ் வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. வருமானம் குறைந்த, வயதுவந்த எல்லாருக்கும் இனி அரசுச் செலவில் வைத்தியம் என்று மாநிலத்தில் புதுச் சட்டம் வந்திருந்தது. இந்தத் தெருவுக்கு இன்றுதான் பதிவு.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினாலே அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் உதிரிபாகக் கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "நம்ம வரிப்பணத்துல சோம்பேறிங்களுக்கு வைத்தியமாம்!" என்று பொருமுவார். அந்தச் சோம்பேறிகளில் ஒருத்திதான் விடியுமுன் எழுந்து அவருக்குக் காபி போடுகிறாள், துணி துவைக்கிறாள், அவர் மாமியாருக்குக் கால் பிடித்துவிடுகிறாள். புருஷன் செத்து வந்தவளுக்குச் சோறு போடுகிறோம் என்று ஊரெல்லாம் பெருமை வேறு. ஆபரேஷன் என்றதும், "சுடுதண்ணி குடி, சரியாப் போயிடும்" என்றார் அந்தப் புண்ணியவான்.

"குடும்பத்துல ஒருத்தர்னா சாரோட வருமானத்தையும் சேர்த்துதான் பார்ப்போம். அட்டை கிடைக்காது," என்றாள் அந்தப் பெண். "நீங்க இவருக்கு என்ன வேணும்மா?"

தங்கை அண்ணியைப் பார்த்தாள். போன வாரம் பெரிய இடத்து விருந்தாளிகள் வந்திருந்தபோது, டீ கொண்டுவந்தவளைக் காட்டி, "சமையலுக்கு வெச்சிருக்கோம்" என்று வாய் கூசாமல் சொன்னவள் அவள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

"நான் இங்க சமையல்காரிங்க," என்றாள் தங்கை. "சந்தேகம்னா அவங்களையே கேளுங்க. விருந்தாளிங்ககிட்ட அவங்கதான் சொன்னாங்க."

"என்னடி உளர்றே? நீ என்..."

"தங்கச்சியா சார்? அப்படியே எழுதிக்கறேன். வைத்தியத்தை நீங்க பார்த்துக்குவீங்கல்ல?"

அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். சொல்லட்டும், ஒரே ஒரு தடவை தங்கச்சி என்று சொல்லட்டும், அட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவளுடைய பாழாய்ப்போன மனசு அந்த நேரத்திலும் அடித்துக்கொண்டது.

"சமையல்காரிதான்," என்றார் அவர், சுவரைப் பார்த்து. அண்ணி அவசரமாக ஆமாம் போட்டாள்.

"சம்பளம்?"

"இதுவரைக்கும் ஒண்ணும் தரலைங்க."

வந்தவளுக்குப் புரியாமல் இல்லை. அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதிந்துகொண்டு போனாள்.

மறுநாள் காலை அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து, "காபி எங்கே?" என்று அதட்டினார். தங்கை கையில் துணிப்பையோடு வந்தாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறேங்க. அதுவரைக்கும் வேற ஆள் பார்த்துக்குங்க. திரும்பி வந்தா சம்பளம் பேசிட்டுதான் அடுப்படிக்குள்ள போவேன். வரட்டுங்களா, ஐயா?"